முன்னூற்றுப் பதினேழாம் எண்

ரகீத்தா என்ற எங்கள் சுரங்க ஊரில் அவ்ராம் பிர்லியாவைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் பல்லில்தான் தொடங்குவார்கள். பத்தொன்பது வயதில், சுரங்கத் தொழிலாளர் அணிக்கு ஆட வந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, அவன் தன் சொந்த அணி கோல்கீப்பரின் முன்பற்கள் இரண்டை உடைத்தான். பந்து உயரமாக வந்தது. டிஃபென்ஸில் நின்ற இவனும் தாவினான், கோல்கீப்பர் விர்ஜிலும் தாவினான். விர்ஜில் குரல் கொடுத்தது இவன் காதில் விழவில்லை. இவன் குரலே கொடுக்கவில்லை.

விர்ஜில் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

“ஏண்டா, உனக்கு வாய் எதுக்கு இருக்கு? களி திங்க மட்டுமா?”

“பந்தப் பாத்தேன், போயிட்டேண்ணே.”

“பந்து உன்னுதுன்னா ‘என்னுது’ன்னு கத்து. நீ கத்தலைன்னா நான் எப்படிடா தெரிஞ்சுக்கிறது? பின்னால நிக்கிறவன் அடிபடுவான். அடுத்த தடவ நீ வாயத் தெறக்கலைன்னா நானே தெறந்து விட்டுருவேன்.”

அதற்குப் பிறகு அவ்ராம் கத்தினான். மைதானத்துக்கு மேலே மலைச்சரிவில் துணி உலர்த்தும் பெண்களுக்குக்கூடக் கேட்கும்படி, பந்து வரும் ஒவ்வொரு தடவையும், என்னுது என்று கத்தினான். கால் வேகம் கிடையாது. ஆனால் பந்து எங்கே விழும் என்று எதிரணிக்காரன் யோசித்து முடிப்பதற்குள் அங்கே போய் நின்றுகொண்டிருப்பான். பெரிய பெரிய ஃபார்வர்டுகள் எங்கள் புழுதி மைதானத்துக்கு வந்து, ஒன்றரை மணி நேரம் அவன் தோளில் மோதிவிட்டு, வெறுங்கையோடு பஸ் ஏறினார்கள். ஊர் அவனுக்குப் ‘பூட்டு’ என்று பெயர் வைத்தது.

அந்தக் காலத்தில் பந்தாடுவதற்கென்று யாரும் சம்பளம் வாங்க முடியாது. சட்டப்படி எல்லோரும் தொழிலாளிகள், ஞாயிற்றுக்கிழமை ஆசைக்கு ஆடுபவர்கள். ஆகவே எங்கள் அணி மொத்தமும் காகிதத்தில் சுரங்க ஊழியர்களாக இருந்தது. விர்ஜில் தச்சன், அவனுக்கு ஒரு ஆணி நேராக அடிக்க வராது. இடது பக்கம் ஓடுகிறவன் எலக்ட்ரீஷியன். வீட்டில் பல்பு போனால் மாமனாரைக் கூப்பிடுவான். சுரங்க டைரக்டருக்கு அவ்ராம் மேல் தனிப் பிரியம். அதனால் அவனை மட்டும் நிலத்தடித் தொழிலாளி என்று எழுதி வைத்தார், அதற்குத்தான் சலுகைகள் அதிகம். மூன்று வருடத்தில் அவ்ராம் ஒரு முறைகூடச் சுரங்க லிஃப்டுக் கூண்டில் ஏறிக் கீழே இறங்கியதில்லை. இறங்காதவன் எண் முன்னூற்றுப் பதினேழு.

கீழே இறங்குகிறவர்களுக்கு ஒரு விளக்கும், எண் பொறித்த ஒரு பித்தளை வில்லையும் உண்டு. இறங்கும்போது வில்லையை விளக்கறைப் பலகையில் மாட்டுவார்கள், ஏறி வந்ததும் எடுப்பார்கள். பலகையில் எத்தனை வில்லையோ அத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று அர்த்தம். மேலிடத்திலிருந்து யாராவது சோதனைக்கு வந்தால் காகிதமும் பலகையும் ஒத்துப்போக வேண்டுமல்லவா? அதற்காக விளக்கறையில் வேலை பார்த்த ரஃபிலாவுக்கு வாய்மொழியாக ஓர் உத்தரவு இருந்தது. ஒவ்வொரு நாளும் மதிய ஷிப்டில் முன்னூற்றுப் பதினேழை மாட்ட வேண்டும், மறுநாள் காலை வந்ததும் எடுக்க வேண்டும்.

ரஃபிலாவுக்கு அப்போது இருபத்தாறு வயது. அவள் புருஷன் சிமியோன் சுரங்க மீட்புக்குழுவில் இருந்தான். அந்தத் தம்பதிக்குக் குழந்தை இல்லை. சிமியோன் சொந்த ஊர் ஆட்டம் ஒன்றைக்கூட விட்டதில்லை, கோலுக்குப் பின்னாலேயே நின்று பார்ப்பான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்று, மே மாதம், இரண்டாம் ஞாயிறு. மாத இலக்கு எட்டவில்லை என்று அன்றைக்கும் சுரங்கத்தில் வேலை வைத்திருந்தார்கள். அணி அதிகாலையிலேயே பஸ்ஸில் சமவெளிக்குப் போய்விட்டது. அங்கே பெரிய நகரத்து அணியோடு ஆட்டம். ரஃபிலா வழக்கம்போல மதிய ஷிப்டின் வில்லைகளைச் சரிபார்த்தாள், வழக்கம்போல முன்னூற்றுப் பதினேழை மாட்டினாள், இரண்டு மணிக்கு வேலையைப் புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அந்தப் பெண் வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. இந்த வில்லை விஷயம் அவளுக்குத் தெரியாது.

மூன்று மணிக்குக் கீழே வாயு வெடித்தது. சிமியோன் பீன்ஸ் சூப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினான். ஐந்து மணிக்குள் பதின்மூன்று பேரை மேலே கொண்டுவந்துவிட்டார்கள், ஒன்பது பேர் உயிரோடு, நான்கு பேர் உயிரில்லாமல். பலகையில் பதினான்கு வில்லைகள் இருந்தன. ஒருவன் இன்னும் உள்ளே இருக்கிறான் என்று சிமியோனும் இன்னும் இரண்டு பேரும் மறுபடி இறங்கினார்கள்.

ரஃபிலா மற்றப் பெண்களோடு வாசல் கம்பிக்கு வெளியே நின்றிருந்தாள். ஒருவனைக் காணோம் என்ற பேச்சு கூட்டத்துக்குள் வந்தது. எந்த எண் என்று கேட்டாள். பெண்களுக்குச் சொல்லக் கூடாது என்றான் காவலாளி. அப்போதுதான் அவளுக்கு முன்னூற்றுப் பதினேழு நினைவுக்கு வந்தது. கம்பியைத் தாண்டி, காவலாளியைத் தள்ளிவிட்டு, விளக்கறைக்கு ஓடினாள். மதிய ஷிப்டுப் பலகையில் அந்த ஒரே ஒரு வில்லை தொங்கிக்கொண்டிருந்தது. அப்படி ஒரு ஆளே உள்ளே இல்லை, அவர்களைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று அவள் அலறி முடிப்பதற்குள் காலடியில் தரை அதிர்ந்தது. இரண்டாவது வெடிப்பில் மற்ற இருவரும் தீக்காயத்தோடு வெளியே வந்தார்கள். சிமியோன் வரவில்லை.

அன்று சமவெளியில் அவ்ராம் தன் வாழ்நாளின் சிறந்த ஆட்டத்தை ஆடினான். கோல் இல்லாமல் சமன். அரங்கில் உட்கார்ந்திருந்த நகரத்து ஆட்கள் அவன் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். வெயில் சாயும் நேரத்தில் பஸ் பள்ளத்தாக்குக்குள் நுழைந்தபோதும் பையன்கள் பாடிக்கொண்டுதான் இருந்தார்கள். பாலத்தில் போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தி, பாட்டை நிறுத்தச் சொன்னார்.

மறுநாள் காலையில் டைரக்டர் அவனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“தம்பி, நேத்து நீ லீவு. பேப்பர்ல அப்படித்தான் இருக்கு. லீவுல இருக்கிறவன் பந்து ஆடக் கூடாதுன்னு சட்டம் ஒண்ணும் இல்ல.”

“நான் எப்ப சார் லீவு கேட்டேன்? நான் எப்ப சார் வேலைக்கு வந்தேன்?”

“அந்த ரஃபிலா கவனிக்காம வில்லைய மாட்டிட்டா. அவ்வளவுதான் நடந்தது.”

“அவங்களாவா மாட்டினாங்க?”

டைரக்டர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

“நீ வாயத் தெறந்தா கிளப்பு கிடையாது. உன் கூட்டாளிங்க எல்லாரும் நாளைக்குக் கீழ எறங்கணும். விர்ஜிலுக்குப் பொண்ணு பொறந்து ஒரு மாசம் ஆகுது. யோசிச்சுக்கோ.”

அவன் யோசித்தான். மூன்றாம் நாள் அடக்கம் நடந்தது. நான்காம் நாள் நகரத்து அணியின் கார் வந்தது, அவன் பெட்டியோடு ஏறிப் போனான். அடுத்த வாரம் சுரங்க வாசலில் விசாரணை முடிவை ஒட்டினார்கள்: விளக்கறை ஊழியரின் கவனக்குறைவால் வேலையில் இல்லாதவரின் எண் பலகையில் மாட்டப்பட்டு, அதன் விளைவாக ஒரு மீட்பு வீரர் உயிரிழந்தார். ரஃபிலாவை வேலையிலிருந்து நீக்கினார்கள். உத்தரவு இருந்தது என்று அவள் சொன்னாள். எழுத்தில் காட்டு என்றார்கள்.

ஊருக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். ஆட்டக்காரர்கள் எப்படிச் சம்பளம் வாங்குகிறார்கள் என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் ஞாயிற்றுக்கிழமை என்று எங்களுக்கு இருந்தது அந்த அணி ஒன்றுதான். அதைக் காட்டிக்கொடுப்பதைவிட ஒரு பெண்ணைக் குற்றம் சொல்வது சுலபமாக இருந்தது. சொன்னோம். புருஷனைக் கொன்றவள் என்று முதலில் முணுமுணுப்பாகச் சொன்னோம், பிறகு அது அவளுக்குப் பெயராகவே ஆகிவிட்டது.

எங்களிடம் செத்தவர்களுக்காகக் கோலிவா கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. கோதுமையை வேகவைத்து, சர்க்கரையும் அரைத்த வால்நட்டும் சேர்த்துப் பாத்திரத்தில் கொண்டுவருவார்கள். வருடா வருடம் மே இரண்டாம் ஞாயிறு பாதிரியார் சுரங்க வாசலில் பெயர்களைப் படித்து முடித்ததும், செத்தவர்களின் வீட்டுப் பெண்கள் அதை எல்லோருக்கும் கொடுப்பார்கள். வாங்குகிறவர்கள் ‘கடவுள் அவரை மன்னிக்கட்டும்’ என்று சொல்லி வாங்க வேண்டும். முதல் வருடம் ரஃபிலாவின் பாத்திரத்தின் முன்னால் யாரும் நிற்கவில்லை. இரண்டாம் வருடமும் நிற்கவில்லை. ஆனாலும் அவள் ஒவ்வொரு வருடமும் கொண்டுவந்தாள், மணலைப்போல் சர்க்கரை தூவி, மேலே சிமியோன் பெயரின் முதல் எழுத்தை வால்நட்டால் எழுதி. ஒவ்வொரு வருடமும் அது நிறைந்தபடியே வீடு திரும்பியது.

அவ்ராம் அந்த நகரத்தில் பதினோரு வருடம் ஆடினான். மூன்று முறை நாட்டின் மஞ்சள் சட்டையைப் போட்டான், அதில் இரண்டு முறை பெஞ்சில் உட்கார்ந்தே போட்டான். முழங்காலை இரண்டு தடவை அறுத்துத் தைத்தார்கள். முதலில் அவனிடம் ஒரு சாக்கு இருந்தது: வாயைத் திறந்தால் ஜெயில். எண்பத்தொன்பது டிசம்பரில் கம்யூனிஸ்ட் ஆட்சி கவிழ்ந்ததும் அந்தச் சாக்கு போய்விட்டது. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்று ஆனது. பத்திரிகைக்காரர்கள் அவனிடம் பழைய நாட்களைப் பற்றிக் கேட்டார்கள். அவன் பற்கள் உடைந்த கதையைச் சொன்னான். அவர்கள் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டு போனார்கள். பயமாக இருந்தது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் கிடையாது, அவனே வைத்துக்கொள்ளவும் இல்லை.

ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போனபோது ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் அவனுடைய வேலைப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

“சுரங்கத்துல கீழ வேலை பாத்திருக்கீங்களா சார்? எங்கப்பாவும் அங்கதான்.”

ஆமாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவன் படிக்கட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

மனைவி இறந்த பிறகு பள்ளத்தாக்குக்கே திரும்பி வந்தார். இனி அவன் இவன் என்று சொல்வது சரியாக இருக்காது, தலை முழுக்க நரைத்துவிட்டது. மரியாதை தலைமுடிக்குத்தான், மற்றதற்கு இன்னும் நேரம் வரவில்லை. சுரங்கம் மூடப்பட்டிருந்தது. அணி நான்காம் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்தது. ரஃபிலா இன்னும் வசித்த மீட்புக்குழுக் குடியிருப்புத் தெரு வழியாக அவர் போவதே இல்லை. ரொட்டிக் கடைக்குச் சுற்றிக்கொண்டுதான் போவார், கெட்ட முழங்காலோடு.

விபத்து நடந்து நாற்பத்திரண்டாவது வருடம், ஏப்ரல் கடைசியில் மேயர் போன் செய்தார். மைதானத்துக்கு அவ்ராம் பெயரை வைக்கப் போகிறார்கள். நினைவு நாளுக்கு முந்தைய சனிக்கிழமை விழா. அவர் நான்கு வார்த்தை பேச வேண்டும்.

மூன்று நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. நான்காம் நாள் ஒரு பொட்டலம் காப்பித்தூளும் ஒரு கிலோ சர்க்கரையும் வாங்கிக்கொண்டு, அந்தத் தெருவுக்குள் நுழைந்தார். ரஃபிலா கதவைத் திறந்து, முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே நடந்தார். முப்பது வருடம் பள்ளிக்கூடத் தரை துடைத்த முதுகு வளைந்திருந்தது. அவ்ராம் பின்னாலேயே போய்ச் சமையலறையில் நின்றார்.

“அக்கா, அந்த முன்னூத்திப் பதினேழு...”

“உக்காரு. முட்டி வீங்கியிருக்கு.”

உட்கார்ந்தார்.

“அந்த வில்லை என்னுதுக்கா.”

“எனக்குத் தெரியாததையா சொல்ற? மூணு வருஷம் உன் வெளக்க நாந்தான் தொடச்சு வெச்சேன். யாரும் தொடாத வெளக்கு. அழுக்கே ஆகாது, இருந்தாலும் தொடைப்பேன்.” காப்பிப் பாத்திரத்தை அடுப்பில் வைத்தார். “அன்னிக்கு மேட்ச் என்ன ஆச்சு? அவர் கேக்க முடியாமப் போச்சு. நானும் யார்கிட்டயும் கேக்கல.”

“கோல் இல்ல. டிரா.”

“நல்லா ஆடினியா?”

“ஆமாக்கா. அன்னிக்கு மாதிரி அப்புறம் ஆடவே இல்ல.”

“அவருக்கு உன் ஆட்டம் புடிக்கும். கீழ மாட்டிக்கிட்டது நீதான்னு தெரிஞ்சிருந்தா இன்னும் வேகமா எறங்கியிருப்பார், மடையன்.” பொங்கி வந்த காப்பியை இறக்கினார். “ஊர் உனக்குச் சரியாத்தான் பேர் வெச்சிருக்கு. பூட்டு.”

“என்னை மன்னிச்சிருங்கன்னு கேக்கத்தான் வந்தேன்.”

“எங்கிட்ட எதுக்குக் கேக்குற? நானா என்னைக் கொலைகாரின்னு சொன்னேன்? எங்கிட்ட ரகசியமா சொல்லிட்டு மனசு லேசாகி வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்னு பாக்குறியா?” காப்பியை அவர் முன்னால் வைத்தார். “குடி. குடிச்சிட்டுக் கெளம்பு. சொல்லணும்னா அவங்ககிட்ட சொல்லு.”

சனிக்கிழமை மைதானத்தில் எண்ணூறு பேர் இருந்தார்கள். வாசல் வளைவில் புதுப் பலகையைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். பாதிரியார் தீர்த்தம் தெளித்தார், மேயர் அரை மணி பேசினார், பள்ளிப் பிள்ளைகள் பூ கொடுத்தார்கள். விர்ஜில் முதல் வரிசையில், அரசாங்கப் பல்செட்டோடு உட்கார்ந்திருந்தார். எல்லோரும் பல் கதைக்காகக் காத்திருந்தார்கள். அவ்ராம் மைக்கைக் கையில் வாங்கினார். எழுதிக் கொண்டுவந்த காகிதம் சட்டைப்பையில் இருந்தது. அதை எடுக்கவில்லை.

“எண்பத்தொண்ணுல பலகையில தொங்கின நம்பர் முன்னூத்திப் பதினேழு. அது என்னுது.”

கைதட்டத் தயாராக இருந்த கைகள் அப்படியே நின்றன.

“நான் ஒரு நாளும் கீழ எறங்கினதில்ல. நான் எறங்கினதா காட்டுறதுக்கு அதை மாட்டச் சொன்னது ஆபீஸ். ரஃபிலாக்கா சொன்னதச் செஞ்சாங்க. சிமியோன் அண்ணன் என்னைத் தேடித்தான் உள்ள போனார். நான் அப்ப சமவெளியில பந்து ஆடிட்டு இருந்தேன். மறுநாளே எனக்குத் தெரியும். நாப்பத்திரெண்டு வருஷமா நான் சொல்லல.”

மேயர் மெல்ல எழுந்து அவர் தோளைத் தொட்டார். நடு வரிசையிலிருந்து ஒரு பழைய சுரங்கத் தொழிலாளி கையை அசைத்தார்.

“தெரியும் அவ்ராம். எல்லாருக்கும் தெரியும். விடு, எறங்கு.”

அவ்ராம் இறங்கவில்லை. நிதானமாகவே கேட்டார்.

“தெரியும்னா ஏன் ஒருத்தரும் அவங்க கையால வாங்கிச் சாப்பிடல?”

விர்ஜில் குனிந்து தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது தன் பெண் பிறந்து ஒரு மாதம் ஆகியிருந்ததும், இவர் வாயைத் திறக்காததால்தான் தான் கீழே இறங்க வேண்டியிருக்கவில்லை என்பதும் அவருக்குத் தெரியாமல் இல்லை. கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. பலகையின் மேல் இருந்த துணியை அன்று யாரும் எடுக்கவில்லை. பிறகும் எடுக்கவில்லை, மழைக்காலத்தில் பலகையோடு சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டார்கள். அதைப் பற்றி அவ்ராம் யாரிடமும் கேட்டதில்லை.

மறுநாள் ஞாயிறு. மூடிக் கிடக்கும் சுரங்கத்தின் துருப்பிடித்த வாசலில் பாதிரியார் பெயர்களைப் படித்தார். கடைசியாக சிமியோன் பெயரையும் படித்து முடித்தார். பெண்கள் பாத்திரங்களைத் திறந்தார்கள். ரஃபிலா வழக்கம்போல ஓரமாக, கம்பிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார், முதுகு வளைந்து, கையில் கரண்டியோடு. பாத்திரத்தின் மேல் அந்த எழுத்து கலையாமல் இருந்தது.

முதலில் போனது விர்ஜில். தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு, காகிதக் கோப்பையை நீட்டினார். “கடவுள் அவரை மன்னிக்கட்டும்” என்றார். ரஃபிலா அவர் முகத்தைப் பார்க்காமல் ஒரு கரண்டி போட்டார். பிறகு அந்த நடு வரிசைக்காரர் போனார். பிறகு அன்று தீக்காயத்தோடு ஏறி வந்த இருவரில் இன்னும் உயிரோடிருப்பவர், மகன் கையைப் பிடித்துக்கொண்டு போனார். பிறகு பெண்கள். வரிசை வாசலைத் தாண்டிச் சாலை வரைக்கும் நின்றது. ரஃபிலா எல்லோருக்கும் போட்டார், ஒருவருக்குக்கூடக் கூட்டியும் போடவில்லை, குறைத்தும் போடவில்லை, அழவும் இல்லை.

அவ்ராம் கடைசியில் நின்றார். ஒவ்வொருவராக நகர்ந்து, அவர் கோப்பையை நீட்டியபோது, ரஃபிலா கரண்டியால் பாத்திரத்தின் அடியைச் சுரண்டினார். ஒன்றும் வரவில்லை. அவர் நம்ப வேண்டும் என்பதுபோலப் பாத்திரத்தைச் சாய்த்துக் காட்டினார்.

“தீந்து போச்சு” என்றார். அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு அவரே பாத்திரத்துக்குள் ஒரு கணம் பார்த்தார்.

“பரவால்லக்கா.”

“அடுத்த வருஷம் சீக்கிரம் வா.”

பாத்திரத்தைத் துணியில் சுற்றிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு அவர் சாலையில் நடந்தார். அவ்ராம் வெறும் கோப்பையோடு கொஞ்ச தூரம் அவர் பின்னாலேயே போனார்.